தாயும் பிள்ளையும் ஒத்துப்போகாத சிப்

இன்னைக்கு எபிசோட் ஒரு எரர் மெசேஜைப் பற்றியது. ஆனால் அந்த மெசேஜுக்கு வருவதற்கு முன்னால் உங்களை 1970 டிசம்பர் கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போகணும்.

இடம் கலிஃபோர்னியா, இன்டெல் கம்பெனி. ஃபெடரிக்கோ ஃபஜ்ஜீன் என்ற இத்தாலிக்காரர் அந்த வருஷம் ஏப்ரலில்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தார். வயது 29. கிட்டத்தட்ட என் வயசு. அவரிடம் கொடுக்கப்பட்டிருந்த வேலை, பின்னாளில் 4004 என்று உலகம் தெரிந்துகொள்ளப்போகும் மைக்ரோப்ராசஸர். சுமார் 2300 டிரான்சிஸ்டர்கள். முதல் வேஃபர்கள் தயாராகி வந்து சேர்கின்றன. ஃபஜ்ஜீன் ஆசை ஆசையாக டெஸ்டரில் வைத்துப் பார்க்கிறார். ஒரு சிப் வேலை செய்யவில்லை. அடுத்ததும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. நொந்துபோய் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. தயாரிப்பில் ஒரு லேயரையே விட்டுவிட்டார்கள்.

அந்த லேயருக்குப் பெயர் பரிட் காண்டாக்ட். பாலிசிலிக்கான் கம்பி, தனக்குக் கீழே இருக்கும் டிஃப்யூஷன் பகுதியை எங்கெல்லாம் நேரடியாகத் தொட வேண்டும் என்று சொல்லும் லேயர். அது இல்லாததால் தொட வேண்டிய எதுவும் தொடவில்லை. மற்ற எல்லாம் சரி, ஆனால் சிப் பிணம். 1971 ஜனவரியில், அந்த லேயரையும் சேர்த்துச் செய்த வேஃபர்கள் வந்தன. வேலை செய்தன.

நாம கோட் எழுதி ஒரு லைன் விட்டுப்போச்சுன்னா ராத்திரியோடு ராத்திரியாக ஹாட்ஃபிக்ஸ் போட்டுவிடலாம். இங்கே அது கிடையாது. லேயர் தப்பானால் சிப் தப்பு, அவ்வளவுதான். அப்போ ஃபஜ்ஜீனுக்கு ஒரு வசதி இருந்தது. அந்த லேயர் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், அதன் ஒவ்வொரு சதுரமும் மனிதக் கை வெட்டியது. இன்றைக்கு ஒரு சிப்பில் ஆலைக்குப் போகும் லேயர்களில் பல, எந்த மனிதரும் வரையாதவை. ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, வரைந்த லேயர்களிலிருந்து வரையாத லேயர்களைச் செய்கிறது. அதில் தப்பு வந்தால் யார் கண்ணில் படும்? இந்த எபிசோட் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

முதலில் லேயர்னா என்னன்னு சொல்லிவிடுகிறேன், இந்த ஏரியாவே புதுசா இருக்கறவங்களுக்காக. நாலு கலர் ஸ்க்ரீன் பிரின்டிங் பார்த்திருப்பீங்க. ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்க்ரீன். ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தால் முழுப் படம். சிப்பும் அதே மாதிரிதான். ஒவ்வொரு படிக்கும் ஒரு மாஸ்க். எங்கே டிஃப்யூஷன், எங்கே பாலி, எங்கே ஓட்டை, எங்கே உலோகம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி. பாலி ஒரு டிஃப்யூஷனைக் குறுக்கே கடந்தால் அந்த இடம் டிரான்சிஸ்டர். பார்க்கப்போனால் டிரான்சிஸ்டர் என்று தனியாக ஒன்றை யாரும் வரைவதில்லை. இரண்டு லேயர் சந்திக்கும் இடம் அது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

4004 காலத்தில் மாஸ்க் செய்ய ரூபிலித் என்று ஒரு ஷீட். தெளிவான பிளாஸ்டிக் மேல் மெல்லிய சிவப்புப் படலம். நிஜ அளவைவிடப் பல நூறு மடங்கு பெரிதாக, விளக்கு எரியும் மேஜைமேல் விரித்து, கத்தியால் கோடு கீறி, வேண்டாத சிவப்பை உரித்து எடுப்பார்கள். லேயருக்கு ஒரு ஷீட். பிறகு அதைப் போட்டோ எடுத்துச் சுருக்கிச் சுருக்கி மாஸ்க் ஆக்குவார்கள். ஒரு துண்டு உரிக்காமல் விட்டுப்போனால், சிப்பில் அந்த இடத்தில் ஒரு கோளாறு. சரிபார்ப்பு என்றால் ஷீட்டைச் சுற்றி ஆட்கள் நின்றுகொண்டு கண்ணால் பார்ப்பது. ஃபஜ்ஜீன் தன் பெயரின் முதல் எழுத்துகளை அந்த சிப்பின் ஓரத்தில் வைத்துவிட்டார். இன்றும் 4004-இன் போட்டோவில் பார்க்கலாம். ஓவியர் கையெழுத்துப் போடுவது மாதிரி. உண்மையில் அது கைவேலைதானே.

கைவேலை எவ்வளவு தூரம் தாங்கும்? 1978-இல் இன்டெல் 8086 வந்தபோது டிரான்சிஸ்டர் எண்ணிக்கை 29,000. இந்த இடைவெளியில்தான் கால்மா என்ற கம்பெனி உள்ளே வருகிறது. லேஅவுட்டைத் திரையில் வரையும் கணினி அமைப்புகளைச் செய்து விற்றார்கள். ஜி.டி.எஸ். என்று முதலில் ஒன்று, 1978-இல் ஜி.டி.எஸ். டூ. டேட்டா ஜெனரல் மினிகம்ப்யூட்டரில் ஓடும். கால்மா கம்பெனி எப்போதோ போய்விட்டது. ஆனால் அதன் ஃபைல் ஃபார்மட் இன்னும் இருக்கிறது. உங்கள் போனில் இருக்கும் ப்ராசஸரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த ஃபார்மட்டையோ அதன் வாரிசையோ தாண்டித்தான் வந்திருக்கும். அந்த சிஸ்டத்துக்குள்ளேயே ஜி.பி.எல். என்று ஒரு நிரல் மொழியும் இருந்தது. நீங்க நினைக்கிற லைசென்ஸ் ஜி.பி.எல். இல்லை. வடிவங்களை நிரல் எழுதி வரைவதற்கான மொழி.

ஜி.டி.எஸ். டூ ஃபார்மட்டில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் கஞ்சத்தனம். லேயருக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆரம்பத்தில் 0 முதல் 63 வரை. அது பாலியா உலோகமா என்று ஃபைலுக்குத் தெரியாது. வெறும் வடிவம், வெறும் எண். இன்னொன்று, இன்றைய கதைக்கு முக்கியமானது: ஒரு செல்லை ஒரு தடவை வரைந்துவிட்டு, எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் கூப்பிடலாம். செல் என்றால் கைபேசி இல்லை, ஒரு சின்ன லேஅவுட் துண்டு. நம்ம பாஷையில் ஃபங்ஷன் கால். 256-க்கு 256 மெமரி செல் வேண்டுமா? 65,536 தடவை வரைய வேண்டாம். ஒரு செல், ஒரே ஒரு அரே ரெக்கார்டு, முடிந்தது. செல்லுக்குள் செல், அதற்குள் செல். இதைத்தான் ஹைரார்க்கி என்கிறார்கள். இடம் மிச்சம், நேரம் மிச்சம், திருத்தம் ஒரே இடத்தில்.

எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அதற்கு இரண்டு பேரைப் பற்றிச் சொல்லிவிட்டு வருகிறேன்.

லின் கான்வே. 1968-இல் ஐ.பி.எம். அவரை வேலையைவிட்டு நீக்கியது. காரணம், அவர் ஆணிலிருந்து பெண்ணாக மாறப்போகிறேன் என்று சொன்னது. வேறு அடையாளத்தில் முதலிலிருந்து தொடங்கி, 1973-இல் செராக்ஸ் பார்க் ஆய்வகத்துக்கு வந்தார். அங்கிருந்தபடி கால்டெக்கின் கார்வர் மீடுடன் சேர்ந்து எழுதிய பாடநூல்தான் சிப் வடிவமைப்பை ஆலைக்குள்ளிருந்து கல்லூரி வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. ஐ.பி.எம். மன்னிப்புக் கேட்டது 2020-இல், 52 வருஷம் கழித்து. 2024 ஜூனில் அவர் காலமானார். அவரைப் பற்றித் தனி எபிசோடே செய்யலாம், செய்யணும்.

நம்ம கதைக்குத் தேவையானது, மீடும் கான்வேயும் சொன்ன ஒரு யோசனை. ஒவ்வொரு ஆலைக்கும் விதிகள் வேறு. இந்தக் கோடு இவ்வளவு அகலம், அந்த இடைவெளி இவ்வளவு மைக்ரான் என்று புத்தகம் புத்தகமாக இருக்கும். மாணவருக்கு அது எதற்கு? லாம்டா என்று ஒரே ஒரு அளவை வைத்துக்கொள். எல்லாவற்றையும் இரண்டு லாம்டா, மூன்று லாம்டா என்று வரை. ஆலை மாறினால் லாம்டாவின் மதிப்பு மாறும், வரைபடம் மாறாது. அதாவது வரைபவருக்குத் தெரிய வேண்டியதும் ஆலைக்குத் தெரிய வேண்டியதும் ஒன்று இல்லை. நடுவில் ஒரு கோடு கிழித்தார்கள். 1979 இலையுதிர் காலத்தில் கான்வே நடத்திய முயற்சியில், பல பல்கலைக்கழகங்களிலிருந்து அர்ப்பாநெட் வழியாக 82 வடிவமைப்புகள் வந்தன. எல்லாவற்றையும் சேர்த்து மாஸ்க் செய்து, சிப் செய்து, திருப்பி அனுப்பினார்கள். மாணவர்கள் வரைந்த சிப்கள்!

இரண்டாவது ஆள் ஜான் ஆஸ்டர்ஹவுட். நம்மில் பலருக்கு இவரை வேறு விதமாகத் தெரியும். டிஸ்ட்ரிப்யூட்டட் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு ராஃப்ட் அல்காரிதம் எழுதிய இருவரில் ஒருவர். கோட் ரிவ்யூவில் சண்டை போடுபவர்களுக்கு, சாஃப்ட்வேர் டிசைன் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதியவர். ஆனால் 1983-இல் அவர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடு சேர்ந்து மேஜிக் என்ற லேஅவுட் எடிட்டரை எழுதிக்கொண்டிருந்தார். அந்த மாணவர்களில் ஒருவரான வால்டர் ஸ்காட் பின்னாளில் செயற்கைக்கோள் படம் எடுக்கும் டிஜிட்டல்குளோப் கம்பெனியைத் தொடங்கினார். அது சும்மா ஒரு தகவல்.

மேஜிக், மீடு-கான்வே கிழித்த அந்தக் கோட்டை இன்னும் அழுத்தமாகக் கிழித்தது. வரைபவர் ஆலையின் மாஸ்க்குகளை வரைவதே இல்லை. பாலி, டிஃப்யூஷன், உலோகம், காண்டாக்ட் என்று மனசுக்குப் புரிகிற லேயர்களைத்தான் பெயின்ட் அடிப்பார். ஆலைக்குத் தேவையான கிணறு, அயனி புகுத்தும் பகுதி, காண்டாக்ட் ஓட்டைகள், இவை எல்லாம் தானாக வரும். எப்படி? டெக்னாலஜி ஃபைல் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதில் ஒரு பகுதி முழுக்க இந்தச் சமையல் குறிப்புகள்தான். இந்த லேயரை எடு, அதோடு அதைச் சேர், இவ்வளவு வளர், இவ்வளவு சுருக்கு, இதிலிருந்து அதைக் கழி. நாலைந்து செயல்கள் மட்டும். அதை வைத்து ஒரு ஆலையையே விவரித்துவிடலாம். ஆலை மாறினால் ஃபைலை மாற்று. மேஜிக்கின் சி கோடைத் தொட வேண்டாம்.

நான் முதன்முதலில் இந்த ஃபைலைத் திறந்து பார்த்தபோது, அட, இது ஒரு கம்பைலர்தானே என்று தோன்றியது. வரைவது சோர்ஸ் கோட், மாஸ்க்குகள் மெஷின் கோட்.

ஆனால் கம்பைலருக்கு இல்லாத ஒரு தலைவலி இதற்கு உண்டு. கண்ணி என்று சொன்னேனே, அது இதுதான். ஒரு ஃபங்ஷனை கம்பைல் செய்தால் அது எங்கிருந்து கூப்பிடப்பட்டாலும் அதே கோட்தான். செல் அப்படி இல்லை. செல்லுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் உண்டு. பக்கத்து வீட்டைப் பொறுத்து அதன் லேயர் மாறும்.

நிஜமான உதாரணம் ஒன்று சொல்றேன். ஸ்கைவாட்டர் என்ற அமெரிக்க ஆலையின் 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தை, 2020-இல் கூகுளும் அவர்களும் சேர்ந்து எல்லாரும் படிக்கும்படி திறந்துவிட்டார்கள். அதில் என்.பி.சி. என்று ஒரு லேயர். பாலிமேல் காண்டாக்ட் வரும் இடங்களில் நைட்ரைடை வெட்டி எடுப்பதற்கானது. மேஜிக்கில் இதை யாரும் வரைவதில்லை. விதி எளிது. ஒவ்வொரு பாலி காண்டாக்டையும் சுற்றி நாலு பக்கமும் 0.1 மைக்ரான் அகலமாக என்.பி.சி. இருக்கணும். இரண்டு என்.பி.சி. துண்டுகளுக்கு நடுவே குறைந்தது 0.27 மைக்ரான் இடைவெளி இருக்கணும். அதைவிடக் குறைந்தால் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிடணும். ஆலையின் விதிப் பட்டியலிலேயே, கையால் இணைத்துவிடுங்கள் என்று குறிப்பு இருக்கிறது. 2020-இல் வெளியான பட்டியலில் "கையால்"! ரூபிலித் வெட்டினவங்க பார்த்தால் சிரிப்பாங்க.

இப்போ கணக்குப் போடுவோம். ஒரு காண்டாக்ட் 0.17 மைக்ரான் சதுரம். நாலு பக்கமும் 0.1 வளர்த்தால் 0.37 மைக்ரான் சதுரம் என்.பி.சி. செல் 'அ'-வின் வலது ஓரத்தில் ஒரு காண்டாக்ட். செல் 'ஆ'-வின் இடது ஓரத்தில் இன்னொன்று. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு செல்லும் சுத்தம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது காண்டாக்டுகளுக்கு நடுவே 0.4 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 0.1 வளர்ந்துவிட்டது. மிச்சம் 0.2. விதி கேட்பது 0.27. மாட்டிக்கிட்டோம்.

ஒரே செல்லுக்குள் என்றால் தீர்வு சுலபம். எல்லாவற்றையும் 0.135 வளர், அதே 0.135 சுருக்கு. 0.27-ஐவிடச் சின்ன சந்துகள் வளரும்போது மூடிக்கொள்ளும், சுருக்கும்போது திரும்பத் திறக்காது. அழகான தந்திரம். ஆனால் 'அ'-வுக்கு 'ஆ' இருப்பதே தெரியாதே! 'அ' தன் வீட்டுக்குள் வளர்ந்து சுருங்கிப் பழையபடி நிற்கும். 'ஆ'-வும் அப்படியே. சந்து மூடவே மூடாது.

சரி, ஹைரார்க்கியே வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே தட்டில் பரப்பி வைத்துக் கணக்குப் போடு என்று சொல்லலாம். ஃபிளாட்டன் என்பார்கள். 1980-களில் டிராகுலா என்று ஒரு விதி சரிபார்ப்பு மென்பொருள் தொழில்துறையில் பேர் போட்டது. இ-கேட் என்ற கம்பெனியுடையது. அந்த கம்பெனி 1988-இல் எஸ்.டி.ஏ.வுடன் சேர்ந்து கேடன்ஸ் ஆனது. லேயர்களைச் சேர்ப்பது, கழிப்பது, வளர்ப்பது எல்லாம் அதிலும் ஸ்கிரிப்ட்தான். ஆனால் 65,536 மெமரி செல்லையும் பிரித்துப் பரப்பினால், ஒரே கணக்கை 65,536 தடவை போடுகிறீர்கள் என்று அர்த்தம். 1993-இல் பென்டியம் வந்தபோது 31 லட்சம் டிரான்சிஸ்டர். பரப்பி வைத்து ராத்திரி முழுக்க ஓடவிடும் முறை எவ்வளவு நாளைக்கு?

மேஜிக் 1980-களிலேயே இதற்கு வேறு வழி எடுத்தது. எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடிக்கும். முதலில் பிள்ளை செல்கள் ஒவ்வொன்றும் தனியாக, பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, தன் லேயர்களைச் செய்துகொள்ளும். பிறகு தாய் செல், எங்கெல்லாம் இரண்டு பிள்ளைகள் ஒன்றுக்கொன்று நெருங்கி வருகின்றன என்று மட்டும் பார்க்கும். எவ்வளவு நெருக்கம் என்பதை, விதிகளில் இருக்கும் வளர், சுருக்கு அளவுகளை வைத்து அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். அந்தச் சின்னப் பகுதியை மட்டும் பரப்பி, லேயரை மறுபடி செய்து பார்க்கும். பிள்ளைகள் ஏற்கெனவே கொடுத்ததை அதிலிருந்து கழிக்கும். மிச்சம் இருப்பது எதுவோ அது தாயின் பொறுப்பு, தாய் செல்லிலேயே ஒட்டுப்போட்டதுபோல் சேர்ந்துவிடும். நம்ம உதாரணத்தில், அந்த 0.2 மைக்ரான் சந்தை அடைக்கும் பட்டை தாயிடம் போய்ச் சேரும். பிள்ளைகளைத் தொடவே வேண்டாம்.

இப்போ நீங்களே ஒரு ஓட்டையைப் பிடித்திருப்பீர்கள். மிச்சம் இருந்தால் தாய் சேர்க்கலாம். பிள்ளை அதிகமாகக் கொடுத்திருந்தால்? பிள்ளை ஏற்கெனவே போட்ட சதுரம், பரப்பிச் செய்த கணக்கில் இருக்கவே கூடாது என்று வந்தால்? தாயால் சேர்க்க முடியும், அழிக்க முடியாது. அந்தப் பிள்ளை செல் இன்னும் 999 இடத்தில் இருக்கிறது. இங்கே மட்டும் அழி என்று சொல்ல வழியே இல்லை.

அந்த நேரத்தில் மேஜிக் காட்டும் எரர் மெசேஜைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: மாஸ்க் விஷயத்தில் பெற்றவருக்கும் பிள்ளைக்கும் ஒத்துப்போகவில்லை. நான் சும்மா வேடிக்கைக்காக மொழிபெயர்க்கவில்லை, அதில் எழுதியிருப்பதே அதுதான்.

எனக்கு இந்த மெசேஜ் வந்த கதை கொஞ்சம் வெட்கமானது. இன்ஜினியரிங் கடைசி வருஷம் வி.எல்.எஸ்.ஐ. லேபில் ஒரு இன்வெர்ட்டர் வரைந்ததோடு எனக்கும் சிப்புக்கும் உறவு முடிந்துவிட்டது. இப்போ பேக்எண்ட் வேலை. போன வருஷம் ஒரு சனிக்கிழமை, ஸ்கைவாட்டர் ஃபைல்களை இறக்கி, மேஜிக்கைத் திறந்து, நாமும் ஒன்று வரைந்து பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். சின்ன செல் ஒன்று. அதை மேலே ஒரு செல்லில் நாலு தடவை வைத்தேன். ஒரு இடத்தில் மட்டும் காண்டாக்ட் போதாது, இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது என்று தோன்றியது. பிள்ளை செல்லில் இருந்த காண்டாக்ட் மேல் பாதி படும்படி தாய் செல்லில் இன்னொரு காண்டாக்டைப் பெயின்ட் அடித்தேன். திரையில் பார்த்தால் ஒரே நீளமான காண்டாக்ட். அழகு. மேலே சிவப்பாக ஏதோ டி.ஆர்.சி. எண் காட்டிக்கொண்டிருந்தது. நாம லின்ட் வார்னிங்கை அணைத்து வைப்பது மாதிரி அதையும் அணைத்துவிட்டேன்.

ஜி.டி.எஸ். எழுதச் சொன்னேன். தாயும் பிள்ளையும் ஒத்துப்போகவில்லை.

அரை நாள் புரியவில்லை. விஷயம் இதுதான். மேஜிக்கில் நாம் அடிக்கும் காண்டாக்ட் ஒரு பரப்பு மட்டும். ஆலைக்கு வேண்டியது 0.17 மைக்ரான் சதுர ஓட்டைகள், எல்லாம் ஒரே அளவில். பரப்பைச் சதுரங்களால் நிரப்புவது ஸ்கிரிப்டின் வேலை. பிள்ளை தன் சின்னப் பரப்பின் நடுவில் ஒரு சதுரம் போட்டுவிட்டது. தாய் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது பரப்பு நீளம். அதில் இரண்டு சதுரம் பிடிக்கும், அவற்றை நடுவாக வைத்தால் இரண்டுமே பிள்ளை போட்ட இடத்தில் இல்லை. பிள்ளையின் சதுரம் தாயின் கணக்கில் கிடையாது. இரண்டையும் அப்படியே ஆலைக்கு அனுப்பினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய, கோணல்மாணலான ஓட்டை. என் திரையில் அது தெரிய வாய்ப்பே இல்லை, ஏன்னா அந்தச் சதுரங்களை நான் வரையவே இல்லை.

நான் அணைத்து வைத்த டி.ஆர்.சி. எண், இதைத்தான் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது. வெவ்வேறு செல்லின் காண்டாக்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வந்தால், அச்சாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்தணும், அரைகுறையாகப் படக் கூடாது என்று மேஜிக்கில் ஒரு விதியே இருக்கிறது. அதே மாதிரி, ஒரு செல்லின் பாலி இன்னொரு செல்லின் டிஃப்யூஷனைக் கடந்து புது டிரான்சிஸ்டர் உண்டாவதையும் அது அனுமதிக்காது. முதலில் இவை எல்லாம் எரிச்சலாக இருந்தது. என் செல், என் இஷ்டம், உனக்கென்ன என்று. பிறகுதான் புரிந்தது. பிள்ளை செய்ததை அழிக்க வேண்டிய நிலை வராமல் இருந்தால்தான் தாய் ஒட்டுப்போட முடியும். கணக்கு வேகமாக ஓடுவதற்கு வரைபவர் கொடுக்கும் விலை அது. 40 வருஷத்துக்கு முன்னால், இன்றைய கைக்கடிகாரத்தைவிடச் சின்ன மெமரி உள்ள மெஷினில் இதை ஓட்டியவர்கள் எடுத்த முடிவு.

எல்லாரும் அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இல்லை. 1990-களில் தொழில்துறைக்கு வந்த ஹைரார்க்கிக்கல் சரிபார்ப்பு மென்பொருள்கள், குறிப்பாக மென்டர் கம்பெனியின் கேலிபர், வரைபவருக்கு இப்படிக் கட்டுப்பாடு போடாமலே கணக்கைச் செய்யப் பார்த்தன. இன்று இலவசமாகக் கிடைக்கும் கேலேஅவுட்டில் அதன் ஒரு வடிவத்தை நாமே ஓட்டிப் பார்க்கலாம். ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் கோஃபர்லைன் எழுதியது. அதில் லேயர் செய்யும் ஸ்கிரிப்ட் ரூபி மொழியில். இந்த லேயரைப் படி, 0.1 வளர், அதைக் கழி, இந்த எண்ணில் எழுது, அவ்வளவுதான். நாலு வரி. மேலே டீப் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் ஹைரார்க்கியைக் கலைக்காமல் செய்யும். அதன் தந்திரம் வேறு. ஒரு செல்லின் எல்லாப் பிரதிகளுக்கும் ஒரே விடை வராத சமயத்தில், உதாரணமாகக் குறுக்குவாட்டில் மட்டும் வளர் என்று சொல்லி, ஒரு பிரதி 90 டிகிரி திருப்பி வைக்கப்பட்டிருந்தால், அந்த செல்லையே இரண்டு வகையாகப் பிரித்துவிடும். சி பிளஸ் பிளஸ் டெம்ப்ளேட் மாதிரி. பிள்ளையோடு சண்டை வேண்டாம், இன்னொரு பிள்ளையைப் பெற்றுக்கொள். ஃபைல் கொஞ்சம் பெருக்கும்.

ஆஸ்டர்ஹவுட் கதைக்கு ஒரு பின்குறிப்பு இருக்கிறது. மேஜிக் மாதிரி பெர்க்லியில் அவர்கள் எழுதிய ஒவ்வொரு சிப் மென்பொருளுக்கும் தனியாக ஒரு கட்டளை மொழி தேவைப்பட்டது. ஒவ்வொன்றும் அவசரத்தில் எழுதியது, ஒவ்வொன்றும் அரைகுறை. அது அவருக்கே சங்கடமாக இருந்ததாம். எல்லாவற்றுக்கும் பொதுவாக, எந்த மென்பொருளுக்குள்ளும் செருகிக்கொள்ளும்படி ஒரு மொழி செய்தால் என்ன என்று 1987-இல் யோசித்து, 1988-இல் எழுதத் தொடங்கினார். அதுதான் டிக்கிள், எழுத்துக் கூட்டினால் டி.சி.எல். இன்று சிப் துறையில் வேலை பார்க்கும் உங்கள் நண்பர் யாரைக் கேட்டாலும், காலையிலிருந்து ராத்திரி வரை டிக்கிள் ஸ்கிரிப்டோடு மல்லுக்கட்டுவதாகப் புலம்புவார். அவர் திட்டுவது இந்த மனுஷனைத்தான். வேடிக்கை என்னவென்றால், மேஜிக்குக்குள்ளேயே டிக்கிளைச் செருகியது பல வருஷம் கழித்து வேறு ஆட்கள்.

என் செல்லுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. தாய் செல்லில் அடித்த காண்டாக்டை அழித்தேன். பிள்ளை செல்லைப் பிரதி எடுத்து, அதில் மட்டும் காண்டாக்டைப் பெரிதாக்கி, அந்த ஒரு இடத்தில் அதை வைத்தேன். கேலேஅவுட் தானாகச் செய்வதைக் கையால் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். டி.ஆர்.சி.யை மறுபடி போட்டேன். எண் பூஜ்யம். எரர் போய்விட்டது.

பிறகு எழுதிய ஜி.டி.எஸ். ஃபைலைத் திறந்து, பிள்ளைகளை எல்லாம் மறைத்துவிட்டு, தாய் செல்லிடம் மட்டும் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். நான் வரைந்த உலோகக் கோடுகள் இருந்தன. அதோடு, இரண்டு செல் சந்திக்கும் ஓரத்தில், என்.பி.சி. லேயரில், 0.2 மைக்ரான் அகலத்தில், 0.37 மைக்ரான் உயரத்தில், தனியாக ஒரு சின்னப் பட்டை.